பாவாத்தாள் படம் எடுத்தால் கட்டடம் விழுமாம்

கேமராவுக்குக் கட்டடம் விழுமா? சொல்கிறவளுக்குத்தான் இல்லை, கேட்கிறவர்களுக்காவது கொஞ்சம் புத்தி வேண்டாமா? விழப்போகிற கட்டடத்தைத் தேடிப்போய்ப் பாவாத்தாள் படம் எடுத்தாள். அவள் எடுத்ததால் எந்தக் கட்டடமும் விழவில்லை. இந்த வித்தியாசம் தெரியாத மயிலாத்தாள், கோயமுத்தூர் கணபதியில் சிறுவாணித் தண்ணீருக்குக் குடம் வைத்திருந்த அத்தனை பேரிடமும், "அந்தம்மா கண்ணு வெச்சா காரைக் கட்டடமே நிக்கறதில்லீங்க, நாமெல்லாம் எம்மாத்திரமுங்க" என்று சொல்லிவிட்டாள். போன ஐப்பசி மழையில் மயிலாத்தாள் வீட்டுக் குளியலறைச் சுவர் விழுந்ததே, அதை எந்தக் கேமரா எடுத்தது? அதைக் கேட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

இன்னொரு பேச்சும் உண்டு. ஐம்பத்தாறு வயசில், புருஷன் இல்லாதவள், ஒயர்மேன் கரீமோடு டீக்கடை வாசலில் நின்று என்ன ரகசியம் பேசுகிறாள் என்று. அவர்கள் பேசியது கரண்டு ஒயரைப் பற்றி. நம்பாதவர்கள் அந்த டீக்கடைக்காரரையே கேட்டுக்கொள்ளலாம். அவருக்கும் காது அந்தப் பக்கம்தான் இருந்தது.

உக்கடம் போகிற சாலையில் பூமாலை டாக்கீஸ் என்று ஒன்று ஓடியது. பெண்களுக்குத் தனி வழி, தனி டிக்கெட் ஜன்னல், உள்ளே ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பு உயரச் சுவர். அந்தப் பெண்கள் பக்கத்துக் கேட்டில் இருபத்தேழு வருஷம் நின்றவள் பாவாத்தாள். டிக்கெட்டைக் கிழிப்பாள், அழுகிற குழந்தையை வாங்கித் தோளில் போட்டு வெளியே நடப்பாள், ஆம்பளை எவனும் உள்ளே தலை நீட்டாமல் பார்த்துக்கொள்வாள். புருஷன் செத்தபோது மகள் அன்புச்செல்விக்கு எட்டு மாசம். அந்தக் கேட்டுக் கம்பியில்தான் தூளி கட்டித் தூங்கவைத்தாள். நாலு ஆட்டம் ஓடுகிற பொங்கல், தீபாவளி நோம்பி நாளிலும் பிள்ளை அசையாமல் தூங்கும். ஆட்டம் இல்லாத நாளில்தான் சத்தம் போதாமல் அழும்.

ஒருமுறை தாலி கட்டி மூன்று நாள்கூட ஆகாத மாப்பிள்ளை ஒருவர், மஞ்சள் வேட்டி கசங்காமல் வந்து கேட்டில் நின்றார்.

"ஏனுங்க, என்ற சம்சாரம் உள்ள இருக்குதுங்க. நானும் பக்கத்துல உக்காந்துக்கறனுங்க."

"இருக்கட்டுமுங்க. நீங்க அக்கட்ட உக்காந்து பாருங்க. படம் முடிஞ்சதும் நானே கொண்டாந்து ஒப்படைக்கறனுங்க."

"மூணு நாள்தானுங்க ஆச்சு."

"இன்னும் அம்பது வருசம் கெடக்குதுங்க. மூணு மணி நேரத்துல ஒண்ணும் கெட்டுப்போகாது."

அப்படிப்பட்டவள். ஊருக்குள் கேபிள் டிவி வந்து, தொண்ணூற்றிரண்டில் பூமாலையின் கதவைச் சாத்தியபோது அழுதாளா என்றால் இல்லை. "முட்டி தேஞ்சதுதான் மிச்சம்" என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்போது மருமகன் தமிழ்ச்செல்வன் கிரைண்டர் கடை போட இடம் தேடி அலைந்துகொண்டிருந்தார். பாவாத்தாள் நேரே போய்ப் பூமாலை முதலாளி சுந்தரராஜுலுவிடம் பேசி, தியேட்டரின் முன்பக்கத்தில் ஓர் இடத்தை அவருக்கு வாடகைக்கு வாங்கிக் கொடுத்தாள். பெண்கள் டிக்கெட் ஜன்னலில் இப்போது தமிழ்ச்செல்வன் உட்கார்ந்து பில் போட்டார். இதை யாரும் தண்ணீர்க் குழாயடியில் பேசுவதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கிற புத்தி எங்கிருந்து வந்தது? பாசத்தில் என்று நினைத்தால் அவளைத் தெரியவில்லை என்று அர்த்தம். வாய்ச் சண்டையில் வந்தது. ஒரு நாள் காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போது கண்டக்டர், "குமரகிரி தியேட்டர் எறங்கு" என்று கத்தினார். எட்டிப் பார்த்தால் தியேட்டர் இல்லை. வெறும் மண். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பையன், "இங்க எப்பங்க தியேட்டர் இருந்துச்சு? சும்மா பேருங்க அது" என்றான். இருந்தது என்றாள் இவள். சிரித்தான். பால்கனியோடு எழுநூறு பேர் உட்காரலாம் என்றாள். இன்னும் சிரித்தான். இருபத்தேழு வருஷத்தில் அவளிடம் எதிர்த்துப் பேசி ஜெயித்த ஆம்பளை இல்லை. இவன் சாட்சி இல்லாததால் ஜெயித்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கியும் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தாள். அலமாரியில் மருமகன் ஊட்டி போவதற்கென்று வாங்கி, போகாமலே வைத்திருந்த கேமரா இருந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

முதல் ரீலைக் கழுவிக் கொடுத்த ஸ்டூடியோ பாலகோபால் மேஜைமேல் முப்பத்தாறு படத்தையும் பரப்பி வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"அம்மா, உங்க கட்டைவெரல் ரொம்ப நல்லா விழுந்திருக்குதுங்க. பின்னால என்னமோ கட்டடமாட்டத் தெரியுதுங்க."

"அதையே பெருசு பண்ணிக் குடுங்க."

"வெரலையா, கட்டடத்தையா?"

இரண்டாவது ரீலில் விரல் போயிற்று. மூன்றாவதில் கட்டடம் நிமிர்ந்து நின்றது. படம் எடுக்கும்போது அவள் தெருவையே நிறுத்திவிடுவாள். "ஏனுங்க, அந்த ஸ்கூட்டரைச் சித்தெ தள்ளி வையுங்க." "அம்மணி, அந்தப் பாவாடை காயறதை எடுத்துக்க கண்ணு, போட்டோவுல நிக்கும்." ஜனங்கள் மறுபேச்சில்லாமல் செய்தார்கள். கேட்டில் நின்ற குரல் அது.

ஆனால் எந்தத் தியேட்டர் எப்போது போகும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் கரீம் வருகிறார். பூமாலையில் படம் ஓட்டிக்கொண்டிருந்த ஆபரேட்டர். தியேட்டர் மூடியதும் ஒயர்மேன் ஆகிவிட்டார். கோட்டைமேட்டில் வீடு. பழைய தியேட்டரை இடிக்கிறவர்கள் முதலில் பொக்லைனைக் கூப்பிட மாட்டார்கள். முதலில் ஒயர்மேனைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் காலத்து வயரிங் எல்லாம் விரல் தடிமன் செம்பு. அதை உருவி எடுத்த பிறகுதான் சுவரில் கை வைப்பார்கள். தியேட்டர் வேலை தெரிந்தவர் என்பதால் ஊரில் எந்தப் பழைய கொட்டகைக்கும் கரீமைத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட அன்றே அவர் டீக்கடைக்கு வந்து சொல்லிவிடுவார்.

"அக்கா, ஜெயராணிக்கு ஆள் சொல்லிட்டாங்கக்கா. நூல் மூட்டையெல்லாம் வியாழக்கெழம காலி."

புதன்கிழமை பாவாத்தாள் அங்கே நிற்பாள். அடுத்த வாரம், நூல் குடோனாகக் கிடந்த ஜெயராணி டாக்கீஸ் இருக்காது. அப்படித்தான் கல்யாண மண்டபமாகிப்போன சண்முகவிலாஸ் போயிற்று. லாரி ஷெட்டாக இருந்த நியூ ராயலும் போயிற்று. மூன்றுக்கும் முந்தின நாள் அவள் கேமராவோடு நின்றதை ஊர் பார்த்தது. அதற்கும் முந்தின நாள் கரீம் ஏணியோடு போனதை யாரும் பார்க்கவில்லை. ஒயர்மேனை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அப்புறம் கேட்கவா வேண்டும். பீளமேட்டில் ஒரு பட்டறைக்காரர் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே ஷட்டரை இழுத்துவிட்டு, பட்டறைக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தார். சூலூரிலிருந்து ஒருவர் தேங்காய் பழம் தட்டத்தோடு வீட்டுக்கே வந்தார்.

"ஒரே ஒரு படம் எடுத்தாப் போதுமுங்க. பங்காளி ஊடுங்க. மேற்கு பாத்த வாசலுங்க."

"தியேட்டரா இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க, ஊடுதானுங்க. ஆனா ஆட்டத்துக்குக் கொறையில்லீங்க."

பாவாத்தாள் தட்டத்தைத் திருப்பிக் கொடுத்தாள். வாழைப்பழத்தில் மட்டும் இரண்டை எடுத்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் சுமந்து வந்தவரை வெறுமனே அனுப்புவது மரியாதை இல்லை என்று.

சிரிக்கிற விஷயமாக இருந்தது, தமிழ்ச்செல்வன் காதுக்குப் போகிறவரைக்கும். கிரைண்டர் வாங்க வந்தவர்கள் மேலே அண்ணாந்து பார்த்து, "இதுவும் பழைய தியேட்டர்தானுங்களே, உங்க மாமியா இன்னும் எடுக்கலீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகூடக் கடையைத் திறந்து உழைத்தவர். அந்தக் கடையைத் தவிர அவருக்கு வேறு போக்கிடமும் கிடையாது. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"அத்தை, கோயமுத்தூர்ல எந்தக் கட்டடத்தை வேணாலும் எடுத்துக்கங்க. பூமாலைய மட்டும் எடுக்காதீங்க."

"அது நிக்கற வரைக்கும் எனக்கெதுக்குங்க படம்" என்றாள் பாவாத்தாள். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. யாருக்குப் பிடிக்கும்?

தொண்ணூற்றாறு தை நோம்பி கழிந்து பத்து நாள் இருக்கும். கரீம் டீ சொல்லாமலே நின்றார். முகம் சரியில்லை.

"என்றா கரீமு?"

"நம்முளுதுக்குச் சொல்லிட்டாங்கக்கா. பூமாலைக்கு. முன்னாடி கடைக்காரங்களுக்குத் தெரிய வேண்டாம், பின்பக்கத்து வழியா வந்து ஒயரைப் பாத்துட்டுப் போன்னு மொதலாளி சொல்றாரு."

பாவாத்தாளும் அன்றைக்கு டீ குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, மருமகன் வருகிறவரை வாசலில் நின்றாள். வந்தவுடனே சொல்லிவிட்டாள். பக்குவமாகச் சொல்லத் தெரியாது அவளுக்கு.

"மாப்ளை, பூமாலைய இடிக்கப்போறாங்களாட்டத் தெரியுதுங்க. காலையில போயி ராஜுலு மொதலாளியக் கேளுங்க. கேட்டுப்போட்டு வேற எடம் பாருங்க."

தமிழ்ச்செல்வன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வாய் வெச்சுட்டீங்களாத்தை? கண்ணு பத்தாதுன்னு வாயும் வெச்சுட்டீங்களா?"

மறுநாள் போய்க் கேட்கத்தான் செய்தார். சுந்தரராஜுலு அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, கேபிள் டிவியைத் திட்டி, "யாருங்க தம்பி சொன்னது? நான் இருக்கறவரைக்கும் பூமாலை இருக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல காபி போலிருக்கிறது. தமிழ்ச்செல்வன் முழுசாக நம்பிவிட்டார். காபி கொடுத்தவரை நம்புவதா, வீட்டில் சோறாக்கிப் போடுகிற மாமியாரை நம்புவதா என்றால், ஆம்பளைகள் எப்போதும் காபியைத்தான் நம்புவார்கள்.

பாவாத்தாளுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. எடுத்தால் மகள் வீட்டில் இருக்க முடியாது. எடுக்காவிட்டால், அடுத்த வாரம் எவனோ ஒரு பையன் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, "இங்க எப்பங்க தியேட்டர் இருந்துச்சு" என்று கேட்பான். மற்றதெல்லாம் போனால் போகட்டும். இருபத்தேழு வருஷத்தை எவனோ சிரித்துவிட்டுப் போவதற்கு அவள் விடுவாளா?

மறுநாள் காலை பத்து மணிக்கு, வெயில் நேரே முகப்பில் விழுகிற நேரமாகப் பார்த்து, எதிர்ச்சாரியில் போய் நின்றாள். கேமராவில் இன்னும் ஏழு படம் பாக்கி. கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். தமிழ்ச்செல்வன் சாலையைத் தாண்டி வரவில்லை. கட்டடத்துக்கு முன்னால் படியில் ஏறி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். மூன்று மாடிக் கட்டடத்தை மறைக்கிறாராம்.

"தள்ளிக்கங்க மாப்ளை, நீங்களும் விழறீங்க!"

"விழட்டுமுங்க!"

"கண்ணை மூடாதீங்க அப்ப!"

ஏழையும் எடுத்துவிட்டாள். முகப்பு, பெயர் எழுதிய வளைவு, பெண்கள் வழி, தூளி கட்டின கம்பி. எல்லாவற்றிலும் எங்கேயாவது ஒரு மூலையில் மருமகன் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்தபோது அன்புச்செல்வி சோறு போட்டுவிட்டு நடுவில் நின்றுகொண்டாள். அவர் மனைவியிடம் பேசவில்லை. மாமியாரிடம் பேசினார், சத்தம் போடாமல்.

"எடுத்தது எடுத்துட்டீங்க. கழுவாத வரைக்கும் அது படமில்லீங்க. ரீலைக் குடுத்துடுங்க, வெயில்ல பிரிச்சுப் போட்டர்றேன். முடியாதுன்னா, இந்த ஊட்டுல நீங்க இருக்கறது செரிப்படாதுங்கத்தை."

"ஏனுங்க" என்றாள் அன்புச்செல்வி. "நம்ம கல்யாணத்துல நானூறு படம் எடுத்தாங்க. பதினோரு வருசமாச்சு. நாம விழுந்தா போயிட்டோம்?"

"நீ சும்மா இரு அம்மணி."

பாவாத்தாள் கேமராவை எடுத்து வந்தாள். பாலகோபால் சொல்லிக் கொடுத்தபடி, சின்னக் கைப்பிடியை நிமிர்த்திச் சுற்றினாள். கிர்ரென்று ரீல் சுருண்டு உள்ளே போகிற சத்தம் கேட்டு, பிறகு நின்றது. மூடியைத் திறந்து ரீலை எடுத்து இடுப்பில் செருகினாள். காலிக் கேமராவை மருமகன் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கேமரா உங்களுதுங்க, நீங்க வெச்சுக்கங்க. ரீலு என்னுது. வெள்ளகோவில்ல தம்பி ராசப்பன் ஊட்டுக்குப் போறேன். போற வழியில பாலகோபாலு கடையில குடுத்துட்டுப் போயிக்கறேன். எடம் மட்டும் பாத்து வெச்சுக்கங்க மாப்ளை. பொங்கச்சீர் குடுக்கற மாமியா சொல்றனேன்னு கேக்க வேண்டாம், பூமாலை கேட்டுக்காரி சொல்றனேன்னு கேளுங்க."

அன்புச்செல்வி இரண்டு சேலையை மடித்து ஒரு மஞ்சள் பைக்குள் திணித்தாள். அழுகை வந்தது, ஆனால் புளிச்சாதப் பொட்டலம் கட்டுகிற அவசரத்தில் அழ நேரமில்லை. பாவாத்தாள் செருப்பைப் போட்டாள். நிலைப்படியில் நின்று, எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்கிற மாதிரி, திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"வாரேனுங்க மாப்ளை."

கோபம் இறங்காத தமிழ்ச்செல்வன் வாயில் சோற்றோடு, "செரிங்கத்தை, பாத்துப் பதனமாப் போயிட்டு வாங்க" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. துரத்துகிறவர் சொல்கிற பேச்சா அது? திருத்திச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் தெருவில் இறங்கி, பஸ்ஸைப் பார்த்துக் கையைக் காட்டியிருந்தாள்.