துண்டுகளைச் சாட்சிக்கு அழைத்த ஜெயமணி அக்கா

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் பசியாறும் நேரம். கைப்பேசியை எடுத்தால், ஜார்ஜ் டவுனில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் குழுவில் செய்தி: "ஜெயமணி அக்கா தவறிட்டாங்க." அழுகை வரவில்லை. ‘எனக்குச் சரியான பதில் சொல்லாமலே போய்விட்டீர்களே’ என்று கோபம்தான் வந்தது.

அக்காவை அறிந்த உங்களுக்குத் தெரியும். கூரையில் சோலார் தகடு என்ற பேச்சையே எங்கள் கட்டடத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். கூரை பொது என்றால் அதில் கிடைக்கும் மின்சாரமும் பொது என்பார். குடியிருப்போர் சங்கத் தலைவியான அவரோடு நானும் மாடி மாடியாக ஏறினேன். ஒருமுறை மூன்றாம் மாடி மாமா எங்கள் முகத்தில் கதவைச் சாத்தினார். நான் கொதித்தேன். "வேணாம்னு சொல்ல அவருக்கும் உரிமை இருக்கு லா. நாளைக்குத் திரும்ப வருவோம்" என்று சிரித்தார் அக்கா. மறுநாளும் போனோம்.

ஷிப்ட் வேலைக்காரர்கள் கூட்டத்துக்கு வர முடியாது. அதற்கு அக்கா கண்டுபிடித்த வழிதான் துண்டு. சம்மதம் என்றால் கூட்டத்தன்று பால்கனியில் ஒரு துண்டைத் தொங்கவிட வேண்டும். கீழே நின்று அண்ணாந்து எண்ணுவோம்.

பிறகு ஒரு நிறுவனம் கூரையைக் குத்தகைக்குக் கேட்டது. மின்சாரத்தை அவர்கள் விற்பார்கள். எங்களுக்குப் படிக்கட்டு விளக்கு மட்டும். பலர் மறுத்தோம். அப்புறம் விடாத மழை. வெயில் அடித்த முதல் காலையில் வீட்டுக்கு வீடு துவைத்த துண்டுகள் தொங்கின. நான் வேலையில் இருந்தேன். அக்கா நிறுவனத்தாரை அழைத்துவந்து, எங்கள் வழக்கத்தை விளக்கி, "பாருங்க, எல்லாரும் சரின்னுட்டாங்க" என்று மேலே கைகாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவற்றில் என் துண்டும் ஒன்று.

நேரே போய்க் கேட்டேன். "அது காயப்போட்ட துணின்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும்மா. தகடு மேல ஏறுறத நான் பார்க்கணும். காத்திருக்க எனக்கு நேரமில்ல லா."

அவரோடு பேசுவதையே அத்தோடு நிறுத்திக்கொண்டேன். நேரமில்லை என்றது எதை என்று சாவு வீட்டில்தான் அவர் மகள் சொன்னாள். நோயையும் எங்களிடம் மறைத்திருக்கிறார். மனம் இளகியது உண்மை. ஆனாலும் மன்னிக்க முடியவில்லை. கூடவே நடந்த என்னை முட்டாளாக்கிவிட்டார்.

நிறுவனத்திடம் கூரையைத் திரும்பக் கேட்க இப்போது மறுபடியும் கதவு தட்டுகிறோம். துண்டு முறையை விட்டுவிட்டு, ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேட்கிறோம். சாத்திய கதவுக்கு மறுநாளும் போகிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது. என் துண்டை மட்டும், எவ்வளவு வெயில் அடித்தாலும், வீட்டுக்குள்ளேதான் காயப்போடுகிறேன்.