கம்ப்யூட்டரில் கண்டுபிடித்த மருந்து

காலை எட்டே முக்கால். திருப்பதிக்கு வெளியே இருந்த எங்கள் தனியார் பார்மசி கல்லூரியில், லேப் கதவருகே முதலில் கண்ணில் பட்டது ஒரு காலி பாட்டில். கழுவிக் காயவைத்தது. அதைப் பிடித்திருந்தவர் முனிரத்தினம், குவாரிக் கூலி. குடிபாலாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

"கேன்சர் மருந்து கண்டுபிடிச்சது நீங்கதானே சார்? பேப்பர்ல போட்டோ கீது. ஊட்டுக்காரிக்கு ஒரு பாட்டில் குடுங்க."

நான் மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. நிலவேம்பிலுள்ள ஒரு மூலக்கூறு, மார்புப் புற்றுநோயில் தலையெடுக்கும் ஒரு புரதத்தில் பொருந்துமா என்று கம்ப்யூட்டரில் பார்த்தேன். இதை டாக்கிங் என்போம். எவ்வளவு பொருந்துகிறது என்று அது தரும் ஸ்கோர் நன்றாக வந்தது. அதற்குப் பிறகு செல், எலி, மனிதர் என்று வருஷக்கணக்கில் சோதனை உண்டு. பெரும்பாலான மூலக்கூறுகள் நடுவிலேயே தோற்றுவிடும். இதையும் எழுதித்தான் கொடுத்தேன். தாளாளர் பத்திரிகைக்கு அனுப்பியபோது அந்த வரிகளை எடுத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியில என்ன சொல்றாங்க?"

"மூணாவது ஊசிக்கு வரச் சொன்னாங்க. போகல சார். முடியெல்லாம் கொட்டிப்போச்சு, ஒரு வாய் துன்ன மாட்டேங்குது. பேப்பர் பாத்ததுலேர்ந்து ரெண்டு மாசமா நெலவேம்புதான் காச்சிக் குடுத்துக்கினு கீறேன். கேக்கல. அதான் ஒரிஜினலே வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்."

அவரை உட்காரவைத்துவிட்டுத் தாளாளர் அறைக்குப் போனேன். உடனே மறுப்பு வெளியிடச் சொன்னேன்.

"ஏமய்யா, அட்மிஷன் டைம்ல மறுப்பு போட்டா எவன் வந்து சேருவான்? உன் போட்டோ தானே பெருசா வந்துச்சு? சந்தோஷப்படு."

"அந்த ப்ரோக்ராம்ல சர்க்கரையைப் போட்டாலும் ஒரு ஸ்கோர் வரும் சார்."

"அப்ப சர்க்கரை மேலயும் ஒரு ஆர்டிகிள் எழுதய்யா" என்று சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே 'பி.பார்ம் படி, அமெரிக்கா போ' என்று பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து முனிரத்தினத்திடம் சொன்னேன்: "என்கிட்ட மருந்து இல்லீங்க. அந்த ஊசிதான் மருந்து. கஷாயத்தை நிறுத்துங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பணக்காரங்களுக்கு மட்டும்தான் குடுப்பீங்களா சார்?"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்கோருக்குப் பக்கத்திலேயே 'இது மருந்தல்ல' என்று எழுதுங்கள். அதை வெட்டுகிறவனுக்கு உங்கள் பெயரையும் போட்டோவையும் தராதீர்கள். நான் தந்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் குடிபாலாவுக்குப் போய், அவர் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்து, கணவன் மனைவி இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். புது ஸ்கேன் எடுத்தார்கள். மார்பில் இருந்த கட்டி ஈரலுக்குப் பரவியிருந்தது.