டெக்சாஸில் துவரைச் செடியைப் பெண் பார்த்த கதை

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் வேளாண்மையில் பட்டம் வாங்கியவன். அப்புறம் எல்லாரையும் போல சாப்ட்வேருக்குத் தாவியது வேறு விஷயம். அப்பேர்ப்பட்ட நான், டெக்சாஸுக்கு வெகு வடக்கே, குளிர் ஊரான வெஸ்ட் வின்ட்சரில் வீட்டின் பின்புறம் இரண்டு கோடைகளில் துவரை வளர்த்தேன். செடி என்னைவிட உயரமாக வளர்ந்தது. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். பூ மட்டும் வரவில்லை. இரண்டு வருடமும் உறைபனி வந்து ஒரே ராத்திரியில் கருக்கிவிட்டது.

"அடுத்த சம்மர்ல ஒரு காயாவது வரலைன்னா அந்த இடத்துல கல் பாவி, நாற்காலி போட்டு உட்கார பேட்டியோ போட்டுடுவேன்" என்றாள் மனைவி மாலா. கான்ட்ராக்டரிடம் விலைகூடக் கேட்டுவிட்டாள்.

ஆகவே அக்டோபர் கடைசி சனிக்கிழமை கிளம்பினேன். நெவார்க்கிலிருந்து ஹூஸ்டன் விமானத்தில் நாலு மணி நேரம். போக வர 264 டாலர். அங்கிருந்து வாடகைக் காரில் மேற்கே 55 மைல். வழியில் பார்க்க ஒன்றுமில்லை, நான் பார்த்துவிட்டேன். என் காலேஜ் தோழி சித்ரா அங்கே ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் புதிய துவரை ரகங்களை உருவாக்குகிறாள். வகுப்பில் படித்ததையே வேலையாகச் செய்யும் அபூர்வப் பிறவி.

"ஷார்ட்ஸ்லயா வந்தே? தீ எறும்பெல்லாம் உனக்காகத்தான்டா வெயிட் பண்ணுது" என்று வரவேற்றாள். பண்ணின.

வயலில் ஒரு செடி மாதிரி இன்னொன்று இல்லை. முழங்கால் உயரத்தில் ஒன்று, பக்கத்திலேயே ஏழடியில் ஒன்று. சிலது குடை மாதிரி பரந்து, சிலது அட்டென்ஷனில் நின்றுகொண்டு. பூ சுத்த மஞ்சள், மஞ்சளில் சிவப்புக் கோடு, முழுச் சிவப்பு. காய் பச்சை, ஊதா, இரண்டும் கலந்த கோடு. விதையிலோ வெள்ளை முதல் கறுப்பு வரை எல்லாம் உண்டு.

"நீ வளர்த்த ரகம் பகல் பொழுது குறைஞ்சாதான் பூக்கும். அதுக்குள்ள உங்க ஊர்ல பனி வந்துடும். நீயோ உயரத்தைப் பார்த்து மயங்கிட்டே. சீக்கிரம் பூக்குற குட்டையைப் பாரு" என்றாள் சித்ரா. சில செடிகளுக்கு வெள்ளை வலைப் பை மாட்டியிருந்தது. "பை போட்டதைத் தொடாதே. மத்ததுல எது வேணா பறிச்சுக்கோ" என்றவள், போன் வந்து போய்விட்டாள். அணிலுக்குப் பயந்து மாட்டியிருக்கிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நான் பெண் பார்த்தேன். இடுப்பளவு உயரம், சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் பூ, ஊதாக் காய், செடியில் தொங்கிய அட்டையில் 'முதலில் பூத்தது' என்ற குறிப்பு. ஜாதகமும் பொருத்தம்! காய்ந்த காயாக ஒரு கைப்பிடி பறித்தேன். மாலாவுக்குப் போட்டோ அனுப்பினேன். "லட்சணமா இருக்கு" என்று பதில் வந்தது. பேட்டியோ தள்ளிப்போனது.

போக நினைப்பவர்களுக்கு: முழு பேன்ட், ஷூ கட்டாயம். காலை பத்து மணிக்குள் வயலைச் சுற்றி முடியுங்கள். கலிபோர்னியாக்காரர்கள் விதை எடுத்துப் போகும் முன் உங்கள் மாநில விதியைப் பாருங்கள். நன்றி சொல்ல மறக்காதீர்கள். நான் ஞாயிறு சாயங்காலம் போன் செய்து சொன்னேன்.

"எந்தச் செடிடா எடுத்தே?"

வர்ணித்தேன். சித்ரா சிரித்தாள்.

"அம்மா போட்டோ உன்கிட்ட இருக்கு. அப்பா யாருன்னு யாருக்குத் தெரியும்? சிலது அம்மா மாதிரி வரும், சிலது பக்கத்துல நின்ன ஏழடிக்காரன் மாதிரி வரும்."

அந்த வலைப் பை அணிலுக்கு இல்லையாம், கண்ட செடியின் மகரந்தத்தையும் சுமந்து வரும் தேனீக்காம்.