உப்புக் கிணற்றுப் பள்ளிக்கூடம்

காலை ஏழரைக்கு வேலூரில் பேருந்து ஏறினேன். ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஒன்பது மணிக்குத்தான் இறங்க முடிந்தது. பிரியாணிக் கடைகளில் அப்போதே அடுப்பு மூட்டியிருந்தார்கள். சாப்பிட ஆசை இருந்தும் நேரமில்லை. ஒரு பாட்டில் தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டு கட்டுரைக்காக நான் பார்க்க வந்த இடத்தை ஆட்டோக்காரரிடம் சொன்னேன்.

"தண்ணி ஸ்கூலா? பசங்கள கூட்டினு வந்து வெயில்ல வெளையாட வுடுவாங்களே, அதானே? நாலு கிலோமீட்டர் சார். நூத்தியிருவது குடுங்க."

"ஜாஸ்தி பாய்."

"ரோடு அப்பிடி சார். கம்மியா கேட்டா எனக்குத்தான் பேஜார்."

ரோட்டைப் பார்த்த பிறகு நான் வாய் திறக்கவில்லை.

இரும்பு கேட். உள்ளே வரிசையாகப் புளியமரங்கள், அவற்றுக்கிடையே ஏறி விளையாடக் கயிறுகள், நான்கு கூடாரங்கள். இடத்தை நடத்தும் ரேவதிக்கு ஐம்பது வயதிருக்கும். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். ஒரே நேரத்தில் நாற்பது குழந்தைகளை அதட்டுவது அவருக்குச் சுலபமாக வருகிறது.

இந்த ஆறு ஏக்கரில் அவருடைய அப்பா நெல் போட்டார். பிறகு தோல் பதனிடும் இடங்களின் கழிவு நிலத்தடியில் இறங்கிக் கிணறு உப்பாகிவிட்டது. நெல் போனது, தென்னை போனது. அப்பாவும் போன பிறகு நிலம் சும்மா கிடந்தது. ஒருநாள் ஏலகிரிக்குப் போன பள்ளிப் பேருந்து ஒன்று கேட்டுக்கு எதிரே பழுதாகி நின்றது. குழந்தைகள் பகல் முழுவதும் இந்தப் புளியமரங்களில் ஏறி ஆடினார்கள். அடுத்த வருடம் ஏலகிரியை விட்டுவிட்டு நேராக இங்கேயே வந்தார்கள்.

"அவ்ளோதான் சார் ஆரம்பம். நான் ஒண்ணும் பிளான் பண்ணல."

இங்கே முதல் பாடம் கிணறு. வந்ததும் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டில் கிணற்று நீரை ஊற்றி வெயிலில் வைக்கிறார்கள். சாயந்திரம் தட்டில் வெள்ளையாகப் படிந்திருப்பதை விரலால் சுரண்டிப் பார்க்கிறார்கள். நல்ல மழைக்குப் பிறகு அந்த வெள்ளை மெலிந்துவருகிறது என்கிறார் ரேவதி.

அந்த நம்பிக்கையில்தான் கேட்டை ஒட்டி, இரண்டு கட்டில் போடும் அளவுக்குக் கேழ்வரகு விதைத்திருந்தார். கிணற்றுத் தண்ணீர் மட்டுமே பாய்ச்சுவது என்று முடிவு. தம்பி சேகர் நிலத்தை மனைகளாக்கி விற்கலாம் என்கிறார். பயிர் கதிர் பிடித்தால் விற்பனைப் பேச்சு கிடையாது, பிடிக்காவிட்டால் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். இதுதான் இருவருக்கும் ஒப்பந்தம். பார்க்க அவர் வருவது அன்றைக்குத்தான் என்று எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு சேகர் பைக்கில் வந்தார். கேழ்வரகு இடுப்புயரம் பச்சைப்பசேலென்று நின்றது, கதிரும் வந்திருந்தது. ஒரு கதிரைத் தடவிப் பார்த்தார்.

"சரிக்கா. இனிமே நான் இன்னா பேசறது? விக்க வேணாம்."

டீ குடித்துவிட்டுப் போனார். ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது.

வழக்கமாகக் குழந்தைகள் கிளம்பும் நேரத்தில் ரேவதி சமையற்கட்டில் பாத்திரம் எண்ணிக்கொண்டிருப்பார். அன்று தம்பியை வழியனுப்பியவர் கேட்டருகிலேயே நின்றுவிட்டார். காலையில் வந்த குழந்தைகளை ஏற்றிப்போகப் பேருந்து வந்தது. "பாட்டில்ல மிச்சம் இருக்கறத ஊத்திட்டு ஏறுங்க" என்றார் அவர்களோடு வந்திருந்த டீச்சர். குழந்தைகள் ஓடினார்கள், நேராகக் கேழ்வரகுக்கு.

"ஏய், இன்னா பண்றீங்க?"

இரட்டைப் பின்னல் போட்ட பெண் ஒருத்தி திரும்பினாள். "பாவம்க்கா அது. அதுக்கு மட்டும் உப்புத் தண்ணி ஊத்துறீங்க. போன மாசம் வந்தப்பவும் ஊத்தினோம். எங்களுக்கு முன்னாடி வந்த ஸ்கூல் பசங்களும் ஊத்தினாங்களாம்."

ரேவதி குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பாத்தி ஈரமாக இருந்தது. சேகர் ரயில்வே கேட்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். அங்கே நடந்தது அவருக்குத் தெரியவே போவதில்லை. நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ரேவதி போனை எடுத்தார்.

"சேகரு, நீ பாத்தது கணக்கில்ல. பசங்க நல்ல தண்ணி ஊத்திகிறாங்க... ஆமாடா, எல்லா ஸ்கூலும்தான்."

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"திட்டுவான்னு நெனச்சேன் சார். சிரிக்கிறான். 'நீ சொல்லலன்னா எனக்கு எப்பிடித் தெரியும், லூசு'ங்கறான். கெணத்துக்கு அந்தாண்ட இன்னொருவாட்டி விதைக்கச் சொல்றான். அதுதான் கடைசியாம்."

எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நிலத்தில் உப்பைக் கொண்டுவருவது கடல். கடலோடு யாரும் ஒப்பந்தம் போடுவதில்லை. திட்டிவிட்டு இறாலுக்குக் குளம் வெட்டிவிடுகிறோம்.

பின்னல்காரி அழும் நிலையில் இருந்தாள். "இனிமே ஊத்த மாட்டோம்க்கா."

"ஊத்துடீ. அந்தப் புளியமரத்துக்கு ஊத்து" என்றார் ரேவதி.

நாலரைக்கு ஆட்டோ வந்தது. என் பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது. நானும் புளியமரத்துக்குப் போய் வரிசையில் நின்றேன்.