வெள்ளியும் ஞாயிறும் நிற்கிற வண்டில்

என் புருசன் வள்ளத்தைப் பிள்ளைகள் கையில் விட்டபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. கரைச்சலே அதுதான். பாயில் கிடக்கிற ஆளென்றால் பார்த்துக்கொண்டு இருந்திருப்போம். இவர் விடிய முன்னம் எழும்பிக் கரைக்குப் போவார். வள்ளத்துப் பாய் கட்டினது பிழை என்பார். வலை பொத்தினது பிழை என்பார். வீட்டுக்கு வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பவும் போவார்.

மூத்தவன் பொறுத்துப் பார்த்தான். ஒரு நாள் குசினிக்குள் வந்து என்னிடம் மட்டும் சொன்னான்.

"அம்மா, இந்தப் பருவமும் அப்பா கரையில நிண்டு கத்தினா நான் பேசாலைக்குப் போயிடுவன். அங்க ஆரின்ரையும் வள்ளத்தில கூலிக்குப் போனாலும் பரவாயில்லை."

அவன் சொன்னால் செய்கிற பிள்ளை. தகப்பனைப் போல.

தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று அடங்கியதும் வள்ளங்கள் இறங்கும். அந்த முதல் கிழமைகளில்தான் சண்டை வரும். அந்த நாட்களில் இந்த மனுசன் மன்னாரில் நிற்கக்கூடாது. எனக்கு வேறு யோசனை இல்லை. மகன் சொன்னதை நான் இவருக்குச் சொல்லவும் இல்லை.

பக்கத்து வளவில் ஒரு முஸ்லிம் நானாவும் அவர் பெண்சாதி ராத்தாவும் இருந்தார்கள். நானா யாழ்ப்பாணப் பக்கம் கருவாடு ஏற்றி வண்டில் விட்டவர். கருவாட்டுக் கடையை மருமகன் எடுத்த பிறகு ஏற்ற ஒன்றும் இல்லை. எங்களுக்கு மூப்பு என்றாலும் இரண்டு பேரும் திடமான ஆட்கள். கிணற்றடியில் ராத்தாவிடம் கதையைச் சொன்னேன். அவ வாளியை வைத்துவிட்டுச் சிரித்தா.

"வண்டில் நிக்குது. மாடு நிக்குது. எங்கட மனுசனும் நிக்கிறார். மூண்டையும் அவிட்டு விடுவம் தங்கச்சி."

அப்படித்தான் தொடங்கியது. நாலு பேர், ஒரு வண்டில், பூநகரி மட்டும் போய் ஊர் பார்த்துத் திரும்புவது. மழைக்கு முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

நானா வீட்டு வேம்பின் கீழ் இருந்து பேசினோம். இவர் மணலில் விரலால் கரையைக் கீறினார். மன்னார், விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், பூநகரி. ஒரு முனை தவறவில்லை. ஒரே நாளில் இலுப்பைக்கடவை, மற்ற நாள் பூநகரி என்றார். காற்றுப் பின்னால் இருக்கும், பின்னேரம் வெளிக்கிடலாம் என்றும் சொன்னார்.

நானா தண்ணீர் எங்கே என்று கேட்டார். எந்தத் தண்ணீர் என்றார் இவர். மாடு குடிக்கிற தண்ணீர் என்றார் நானா. இவர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலில் நின்று பார்த்த கரைதான் அவருக்குத் தெரியும். அந்தப் பனைகளுக்குப் பின்னால் கிணறு எந்தப் பக்கம் என்று தெரியாது.

பிறகு நானா சொல்லச் சொல்ல எல்லாம் மாறியது. விடியப் புறப்பட்டு வெயில் ஏற நிற்பது. குளிர்ந்த நேரம் எல்லோரும் நடப்பது, முழங்கால் வலித்தால் மட்டும் ஏறுவது. இரண்டு சட்டி, இரண்டு அடுப்பு, ஒரே விறகு. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளி இருக்கிற ஊரில் நிற்க வேண்டும் என்றார். நாங்கள் கத்தோலிக்கர், ஞாயிறு பூசை இருக்கிற ஊரில் நிற்க வேண்டும் என்று நான் சொன்னேன். நடுவில் சனிக்கிழமை ஒரு நாளைக்காக மாட்டைப் பூட்டி அவிழ்க்கிறதா என்று ராத்தா கேட்டா. சனியும் நிற்கிற நாளாகிவிட்டது.

கிழமைக்கு மூன்று நாள் நிற்கிற பயணம்.

"இது பயணமோ, குடியிருக்கப் போறதோ?" என்றார் இவர்.

"மாட்டைக் கேளுங்கோ தம்பி. அது எங்கட பக்கம்தான் நிக்கும்," என்றார் நானா.

இரண்டு நாள் பயணம் பல கிழமைப் பயணமாகப் போனது. எனக்கு அது நல்லதாகப் பட்டது. இவருக்கு எழும்புவதும் இருப்பதுமாக இருந்தது.

முதலில் மாந்தை மட்டும் போய்ப் பார்ப்போம் என்றார்கள், திருக்கேதீஸ்வரப் பக்கம். பாரம் ஏற்றுவது தன் வேலை என்று இவர் சொன்னார். அரிசி மூட்டை, தண்ணீர்ப் பீப்பா, சட்டி பானை எல்லாம் ஏற்றிக் கயிறு போட்டார். கட்டு ஒன்றும் அசையவில்லை. நானா பார்த்துவிட்டு நல்ல கட்டு என்றார்.

மன்னார்த் தீவை மறுகரையோடு சேர்க்க வெள்ளைக்காரன் போட்ட பெரிய பாலத்தில் ஏறினோம். இவர் வண்டிலில் முன்னுக்கு இருந்தார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நடந்தோம். பாலத்தில் நடுவழி போனதும் எங்களைப் பார்க்க வேண்டும் என்று இவர் திரும்பிப் பின்பக்கம் நகர்ந்தார். அந்தப் பாரமும் சேர வண்டில் பின்னால் சாய்ந்தது. முன்னால் நுகம் மேலே எழும்பியது. கழுத்துக் கயிறு இறுகி ஒரு மாடு நாக்கைத் தள்ளிக்கொண்டு முழங்காலில் விழுந்தது.

நானா ஓடிப்போய்க் கயிற்றை வெட்டினார். பிறகுதான் வண்டிலைப் பார்த்தார். பீப்பாவும் மூட்டையும் பின்னுக்கு இருந்தன. வள்ளத்தில் அப்படித்தான் ஏற்றுவார்கள். பின்னால் பாரம் இருந்தால் முன் அணியம் நிமிர்ந்து அலையில் ஏறும். இரண்டு சில்லு வண்டிலில் அணியம் நிமிர்ந்தால் மாட்டுக்குத் தூக்குக் கயிறு.

எதிரே மீன் கூடையோடு வந்த ஒருவன் நின்று பார்த்தான்.

"என்ன அண்ணை, நடுப்பாலத்தில நங்கூரம் போட்டிட்டீங்களோ?"

மாடு எழும்பியது. வீட்டுக்குத் திரும்பினோம்.

அடுத்த நாள் இவர் விடிய முன்னம் கரைக்குப் போனார். அதற்கு அடுத்த நாளும் போனார். காற்றுத் தணிந்துகொண்டு வந்தது. கரையில் மூத்தவன் தகப்பனைத் திரும்பிப் பாராமல் வேலை செய்தான்.

பின்னேரம் நானா வந்தார். மாட்டைப் பற்றிக் கதைக்கவில்லை. பாரம் ஏற்ற ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"நான் நுகத்தைத் தூக்கிப் பிடிக்கிறன் தம்பி. நீங்கள் பீப்பாவை அரக்குங்கோ. என்ர கை பாரமில்லை எண்டு சொல்லுமட்டும்."

இவர் போனார். பீப்பாவைச் சாண் சாணாக முன்னுக்கும் பின்னுக்கும் அரக்கினார். நானா நுகத்தைப் பிடித்தபடி இன்னும், இன்னும் என்றார். முன்னுக்குக் கூடினால் மாட்டின் கழுத்து நோகும், பின்னுக்குக் கூடினால் மூச்சு அடைக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். பொழுது படும் வரை அதுதான் வேலை. அன்றைக்குத்தான் இவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பாமல் சாப்பிட்டார்.

புதன்கிழமை வெளிக்கிட்டோம். வியாழன் விடத்தல்தீவுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே பள்ளியும் உண்டு, கோயிலும் உண்டு. நானா அதற்காகத்தான் அந்த ஊரைப் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை சோளகம் அடங்கி மெல்லிய காற்றுத்தான் இருந்தது. கடலில் பாய்கள் தெரிந்தன. நானா தொழப் போயிருந்தார். ராத்தா அறிந்த வீட்டில் இருந்தா. நான் சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் வண்டிலைச் சுற்றி நடந்தார். பிறகு மாடுகளைக் கொண்டுவந்து பூட்டினார்.

"நீர் ஏறும். திரும்புவம். வள்ளம் இறக்கிட்டாங்கள்."

"நானாவும் ராத்தாவும்?"

"மன்னாருக்குப் போயிட்டு வண்டிலைத் திருப்பிக் கொண்டு வாறன். அவை இஞ்ச நிக்கட்டும்."

அவர் எங்கே நிற்கிறார், என்ன சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. நான் சுளகைக் கீழே வைத்தேன்.

"நீங்கள் போங்கோ. நான் வரேல்லை."

"என்னத்துக்கு?"

"நீங்கள் கரையில நிண்டா மூத்தவன் பேசாலைக்குப் போயிடுவான். எனக்குச் சொல்லிப்போட்டான்."

நுகத்தில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

"எப்ப சொன்னவன்?"

"சோளகத்துக்குள்ள."

"அதுக்குத்தானோ இந்த வண்டில்?"

"ஓம்."

அவர் மாடுகளை அவிழ்த்து மரத்தில் கட்டினார். கடற்கரைப் பக்கம் நடந்தார். நான் பின்னால் போகவில்லை. மிச்ச அரிசியைப் பார்த்து அடுப்பில் வைத்தேன். தொழுகை முடிந்து நானா வந்தார். மாட்டுக் கழுத்தில் கயிற்றின் புதுத் தடத்தைக் கண்டார். மாடுகளுக்குத் தண்ணீர் வைத்தார்.

இவர் சோறு ஆறின பிறகு வந்தார். சாப்பிட்டார். இலுப்பைக்கடவைக்குப் போகிற வழியில் முதல் கிணறு எங்கே என்று நானாவிடம் கேட்டார்.

ஞாயிறு என்னோடு பூசைக்கு வந்தார். திங்கள் வடக்கே போனோம். இலுப்பைக்கடவையிலும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளாங்குளத்திலும் கொள்ளவில்லை. நிற்கிற நாட்களில் ஊரைச் சுற்றி நடந்தபடியே இருந்தார். திரும்புவம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

நாங்கள் பூநகரியையும் பார்த்துவிட்டுப் பாலத்தால் மன்னாருக்குத் திரும்பி வந்தபோது முதல் மழை தூறியது. மூத்தவன் எங்கள் வள்ளத்தில்தான் இருந்தான்.