அக்காவின் அலறல்

அக்கா முகம் தெரிய நடித்த முதல் படம் புதுக்கோட்டைக்கு வந்ததும் அப்பாவைப் பகல் காட்சிக்குக் கூட்டிப் போனேன். ஊராரால் கொல்லப்பட்ட கரும்பு வெட்டுகிறவன் ஒருவனின் ஆவி, அரிவாளோடு திரும்பி வந்து, கொன்றவர்களின் பிள்ளைகளை ஒவ்வொருவராக வெட்டுகிற கதை. முதலில் சாவது அக்கா. சென்னைக்குப் போய்ப் பல வருஷம் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றவளுக்கு வசனத்தோடு கிடைத்த முதல் வேஷம்.

"ரத்தமெல்லாம் சாயந்தாம்ப்பா" என்று உட்காரும்போதே சொன்னேன்.

"தெரியும்டா" என்றார்.

திரையில் பூட்டிய கதவை அடித்துக்கொண்டு அக்கா அலறினாள். அப்பா என் முழங்கையைப் பிடித்தார். பின்வரிசையில் விசில் பறந்தது, சிலர் சிரித்தார்கள். அரிவாள் இறங்கியதும் அவர் எழுந்து, இருட்டில் நாற்காலிகளைத் தடவியபடி வெளியே போனார். நானும் பின்னால் ஓடினேன். டிக்கெட் கவுண்டர் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒங்கம்மா செத்தன்னைக்கு இப்படித்தான்டா கத்துனா" என்றார்.

எனக்கும் தெரிந்திருந்தது. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

மறுநாள் விமர்சனங்கள் வந்தன. முதல் பாதி உலுக்கிவிட்டது என்றார் ஒருவர். பேய்க்கு ஒரு நியாயமும் இல்லை, ரத்தத்தை மட்டுமே நம்பிய படம் என்றார் இன்னொருவர். யூடியூபில் ஒருவர் அக்கா அலறுவதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டி, "நம்புற மாதிரியே இல்லைங்க, ஓவர் ஆக்டிங்" என்று சிரித்தார்.

அப்பா போனை வாங்கிப் பார்த்தார். "அது நெசமான சத்தம்னு அந்தாளுக்கு எழுதுடா."

அதை எழுதினால் அம்மாவைப் பற்றியும் எழுத வேண்டும். அக்காவைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வேணாம்டா, அதையும் சிரிப்பாங்க" என்றவள், அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"படம் எப்படிப்பா இருந்துச்சு?"

பாதியில் எழுந்து வந்ததை அவர் சொல்லவில்லை. "நல்லா இருந்துச்சு ஆத்தா" என்றார்.

அடுத்த வாரமே படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து அக்கா பேசினாள். இன்னொரு பேய்ப் படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"அதே மாதிரி கத்தணுமாம்டா."

போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு வேஷம் யாரும் தரவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"எப்ப ஷூட்டிங்?" என்று கேட்டேன்.