ஸ்ட்ரெச்சபிள் என்றால் எதுவரைக்கும்?

துணிக்கடை வேலைக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்காக எழுதுகிறேன். குமுளி மலையடிவாரத்துக் கூடலூரில் ஒரு ரெடிமேட் கடையில் நான் சேர்ந்த புதிதில் நடந்தது. வியாபாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலையை உறுதி செய்வேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டு வந்திருந்தேன். அழுகிறானோ, அவரைப் படுத்துகிறானோ என்றே பாதி நேரம் போகும்.

லெக்கின்ஸ் டேக்கில் ‘ஸ்ட்ரெச்சபிள்’ என்று போட்டிருக்கும். மலை மேல் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகும் பெண்கள் சேலைக்குள் போட்டுக்கொள்ள அதைக் கேட்பார்கள். இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்கு வரும் என்று விளக்குவேன். ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் திரும்பாது என்பதையும் சொல்லலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். வேண்டாததைப் பேசி வியாபாரத்தைக் கெடுக்காதே என்றார்.

ஜீப் பெண்களில் மூத்தவரான செல்வியக்கா ஒன்று வாங்கிப் போனார். அவருக்குப் பிடித்தால் எல்லோரும் வாங்குவதாகப் பேச்சு. மறுநாள் சாயங்காலம் மொத்த ஜீப்பும் கடைக்குள் வந்தது. அக்கா லெக்கின்ஸை மேஜையில் விரித்தார். ஒரு கால் ஒழுங்காக இருந்தது. இன்னொரு கால் பானை மாதிரி உப்பியிருந்தது.

“நீ சொன்னபடி இழுபட்டுச்சு ஆத்தா. திரும்பி வரலையே.”

விசாரித்தேன். குமுளிப் பக்கம் ஒரு பலாப்பழம் கிடைத்திருக்கிறது, சாக்கு இல்லை. பழத்தை லெக்கின்ஸ் காலுக்குள் திணித்து, ஜீப்பின் பின்னால் கட்டித் தொங்கவிட்டு மலை இறங்கியிருக்கிறார்கள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, எதுவரைக்கும் இழுக்கலாம்னு சொல்ல மாட்டியா?”

எதிர்த்துப் பேசினால் வேலை போகும். பேசாமல் இருந்தாலும் போகும். அக்காவிடமே சொன்னேன்.

“அக்கா, இது காலுக்குத்தான் ஸ்ட்ரெச்சபிள், பலாப்பழத்துக்கு இல்ல. புதுசு ஒண்ணு போட்டு, ஜீப்புல ஏறுற மாதிரி ஏறிப் பாருங்க. முட்டிகிட்ட தொங்கிச்சுன்னா வாங்க வேணாம்.”

அக்கா ட்ரையல் ரூமில் மாற்றி வந்து ஸ்டூலில் ஏறினார், இறங்கினார், குந்தி எழுந்தார். மற்றவர்கள் அவர் முட்டியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள்.

“காலுன்னா திரும்புது,” என்று தீர்ப்புச் சொன்னார்.

எல்லோரும் வாங்கினார்கள். உப்பிய லெக்கின்ஸையும் அக்கா விட்டுப் போகவில்லை, பழத்துக்கு ஆகுமாம். அத்தோடு என் வேலையும் உறுதியானது.

ஆகவே தங்கைகளே, ஸ்ட்ரெச்சபிள் என்று சொன்னால் எதற்கு, எதுவரைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறுவாரம் வேறொரு ஜீப்பில் போகும் பெண் வந்து, பழம் தூக்குற பேன்ட் இங்கனதான் இருக்குன்னு செல்வியக்கா சொன்னாகளே என்று கேட்டார். முதலாளி மெல்ல உள்ளே நழுவினார். எத்தனை கிலோ பழம் என்று நான் கேட்டேன்.